வண்டி வாசல்

காலி செய்துவிட்டுப் போகிற வீட்டுக்கு வாசல் தெளிப்பானேன் என்று அன்று காலையில் யாராவது கேட்டிருந்தால், நாகம்மாள் அவர்கள் மேலும் தண்ணீரை அடித்திருப்பாள். வழக்கம்போலக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, படியில் ஆரம்பித்து, செம்மண் பாதையை நனைத்து, கேட்டைத் தாண்டித் தார் ரோட்டின் ஓரம் வரைக்கும் பீய்ச்சினாள். நெய்வேலியில் தண்ணீருக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சுரங்கத்துக்குள் ஊற்று பொங்கிவிடக் கூடாது என்று ராவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைத்த தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது வாய்க்காலில் ஓடியது, குழாயில் வந்தது, நாகம்மாளின் மாமரத்துக்கும் கனகாம்பரத்துக்கும் பாய்ந்தது. கல்யாணமாகி இந்த டவுன்ஷிப்புக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு குடத்தைக்கூட இடுப்பில் வைத்துத் தெருவில் நடந்ததில்லை.

ஈரம் காய்வதற்குள் படியடைத்துக் கோலம் போட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜாம்பாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவி குடுக்கப் போற வூட்டுக்கு இம்மாம் பெரிய கோலமா? நாளைக்கு எவளோ வந்து மிதிச்சிகினு நிக்கப் போறா."

"நிக்கட்டும். மிதிக்கத்தானே போடுறோம்."

"அது சரி. ஒங்களுக்குத்தான் இனிமே ரோடே வாசலாச்சே. ஊர் ஊரா கோலம் போட்டுகினு போங்க."

கேலிதான். ஆனால் அதுவே பலிக்கும் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அந்த ரோட்டு வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. வடலூரில் முந்திரிக்கொட்டை ஏற்றிக்கொண்டிருந்த பழைய மெட்டடார் வேன் அது. ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷமே பரமசிவம் அதை வாங்கி, மேல்பட்டாம்பாக்கத்தில் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் விட்டு, லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்து அதை ஒரு வீடாக்கியிருந்தார். உள்ளே இரண்டு பக்கமும் படுக்கை. படுக்கைக்கு அடியில் அரிசிக்கும் துணிக்கும் பெட்டி. ஸ்டவ் ஆடாமல் பிடிக்க ஓர் இரும்பு வளையம், குடம் உருளாமல் இருக்க இன்னொரு வளையம். கூரை மேல் தண்ணீர் டிரம், அதிலிருந்து பின்பக்கமாக இறங்குகிற குழாய். பின் கதவைத் திறந்தால் மடக்குப்படி. படியின் மேல், தேய்ந்து கழித்த கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு. பிளாக் பிள்ளைகள் அதற்கு சர்க்கஸ் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எத்தனை முறை கழுவியும் முந்திரிக்கொட்டை எண்ணெயின் நெடி மட்டும் போகவில்லை. மழை நாளில் அது இன்னும் தூக்கலாக வந்தது.

பரமசிவம் ஓரிடத்தில் உட்காராத மனிதர். உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும்; சாப்பிடும்போது தட்டில் சாம்பார் தளும்பும். வேடிக்கை என்னவென்றால், வேலையில் அவர் உட்கார்ந்தே இருந்தவர். சுரங்கத்தில் மண்ணைத் தோண்டுகிற ராட்சதச் சக்கர மெஷினுக்கு ஆபரேட்டர். நாலு மாடி வீட்டை நகர்த்துகிற மாதிரி அதை நகர்த்த வேண்டும். ஷிப்ட் முழுக்க ஓட்டினால் ஒரு தெருவின் நீளம்கூடப் போயிருக்காது. அப்புறம் கம்பெனி பஸ் ஏறி அதே பிளாக்கில், அதே முக்கில் இறங்க வேண்டும். "இத்தனை வருஷமா வண்டி ஓட்டுனவன் நானு. ஒரு தடவ கூட குழிய விட்டு வெளிய வரல பாத்தியா," என்று அடிக்கடி சொல்வார். ரிட்டயர் ஆன பிறகும் ஷிப்ட் சங்கு ஊதினால் எழுந்துவிடுவார். முகம் கழுவி, சட்டை மாட்டி, கேட்டில் நின்று, பஸ் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார். அதைப் பார்க்கப் பார்க்க நாகம்மாளுக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

எல்லோரும் ரிட்டயர் ஆனதும் வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ மனை வாங்கிக் கட்டினார்கள். நாகம்மாளுக்கு அந்த ஆசை இல்லை. அவளுக்கு ஊர் இருந்தது. விளாத்திகுளத்துக்குத் தெற்கே கருங்காலிநத்தம். அங்கே அவள் அம்மா இருந்த வீடு இடிந்து மனையாகக் கிடந்தது. பக்கத்திலேயே தம்பி மாடசாமி குடியிருந்தான். 'அந்த மனையில் ரெண்டு அறை போட்டுக்கொண்டு போய் விழுந்துவிட வேண்டும்' என்று அவள் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்தே நினைத்து வந்திருக்கிறாள். பரமசிவம் முடியாது என்று சொல்லவில்லை. "பாத்துகிட்டே போவோம் நாகம்மா. எங்க மனசு நிக்குதோ அங்க எறங்கிடுவோம். ஒங்க ஊரையும் பாப்போம்," என்றார். ஒங்க ஊர் கடைசியில்தான் என்றும் சொன்னார். கடைசி என்றால் அதற்குப் பிறகு போக இடமில்லை என்றுதானே அர்த்தம்? நாகம்மாள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

சாமான் ஏற்றி முடித்ததும் ராஜாம்பாள் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாகம்மாளுடைய குடம்தான். ஏதோ விசேஷத்துக்கு இரவல் போனது. பிளாக்கில் பாத்திரங்கள் வீடு மாறிப் போகாமலிருக்க எல்லோரும் பெயின்ட்டில் நம்பர் எழுதுவார்கள். அந்தக் குடத்திலும் சிவப்புப் பெயின்ட்டில் பிளாக் நம்பரும் வீட்டு நம்பரும் கொட்டை எழுத்தில் இருந்தன.

"ஒனக்கு எறங்கறதுக்கு ஒரு ஊரு இருக்குது," என்றாள் ராஜாம்பாள். "எங்க ஊருதான் ஒங்க வூட்டுக்காரரு மெஷினுக்கு அடியில போயிடுச்சி. மவராசரு, நாங்க கும்புட்ட கோயில் மரத்தக்கூட வுடல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிலம் போனதற்கு அவள் புருஷனுக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. அதனால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல அவள் பழகியிருந்தாள். பரமசிவம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கால் ஆட்டியபடி, கேட்காதவர் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனார்கள். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, மைசூர் என்று மேற்கே போய், ஊட்டி மலையின் அடிவாரத்தில் குளிரில் கிடந்து, பாலக்காட்டு வழியாக இறங்கி, கேரளத்துக் கடலோரமாகவே கன்னியாகுமரிக்கு வந்தார்கள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் நாகம்மாள் விடியுமுன் எழுந்து பின்பக்கக் குழாயைத் திறந்து மடக்குப்படிக்குக் கீழே தெளித்துக் கோலம் போட்டாள். பெட்ரோல் பங்க் பக்கத்தில், சத்திரத்து மதிலோரம், லாரிகள் நிற்கிற புளியந்தோப்பில், ஒரு தடவை காயலோரத்தில் மீன் வலை காய்கிற மணலில். மணலில் மாவு நிற்கவில்லை. டிரம்மில் தண்ணீர் தீர்ந்தால் ஏதாவது ஓட்டல்காரனிடம் கேட்டு நிரப்பிக்கொண்டார்கள். மலையாளத்து நாட்டில் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வோர் இடத்திலும் அவள், "நல்லாத்தான் இருக்கு இந்த ஊரு," என்பாள். மனசார இல்லை, அவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கத்தான். வந்து இறங்கிய முதல் நாள் அவரும், "நல்ல காத்து," என்பார், "ஜனங்க மரியாதையா இருக்காங்க," என்பார். இரண்டாம் நாள் கால் ஆட ஆரம்பிக்கும். மைசூரில் ஆஸ்பத்திரி தூரம். பாலக்காட்டில் பாஷை ஒத்து வராது. ஆலப்புழையில் எங்கே பார்த்தாலும் தண்ணி, மனுஷன் கால் வைக்க இடமில்லை. கன்னியாகுமரியில் என்ன குறை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "இதுக்கு மேல ரோடு இல்லயே," என்று கடலைக் காட்டினார். நாகம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாத்திரங்களைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே நாட்கள் போயின. கட்டாத அன்று கரண்டிகள் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டே வந்தன. ஓடுகிற வண்டியில் படுத்து எழுந்தால் நின்ற பிறகும் தரை ஓடுவது போலவே இருந்தது. கல் வீட்டுத் தரையில் ஒருநாள், ஒரே ஒருநாள், உடம்பை நீட்டிப் படுக்க வேண்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

கருங்காலிநத்தத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை உச்சியில் இருந்தது. மழை பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரிசல் வாய் பிளந்து கிடந்தது. ஒரு வெடிப்பில் நாகம்மாளின் செருப்பு முழுசாக உள்ளே போயிற்று. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. மாடசாமி ஓடி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அத்தான், இது வண்டியா, வீடா? எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க, நானும் இந்த ஊர விட்டு ஓடிப்போறேன்," என்றான். பிறகு அக்காவைக் கையைப் பிடித்து மனைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இடிந்த சுவரின் அடிமண் மேடாகத் தெரிந்தது. சுற்றிலும் அவன் முள் அடைத்து வைத்திருந்தான். "ஒனக்குன்னு போட்டு வச்சிருக்கேங்க்கா. ஒரு ஆட்டைக்கூட உள்ள விடல," என்றான். நாகம்மாள் அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மனசு வரவில்லை. வண்டியை மனைக்குள்ளேயே ஏற்றி நிறுத்தச் சொன்னாள்.

மறுநாள் விடியலில் கண் விழித்தபோது, இனி நாளைக்கு எங்கே என்ற நினைப்பே இல்லாமல் விழித்தாள். அந்த நிம்மதி எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தாள். கதவைத் திறந்தால், படிக்குக் கீழே நான்கு மண் குடங்கள் நிறையத் தண்ணீர். மாடசாமி மனைவி சாமியம்மாள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கூரை டிரம் வழியிலேயே காலியாகியிருந்தது. எவ்வளவு பாசம் பார் என்று நாகம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு குடத்தை எடுத்து மனை முகப்பு முழுக்கத் தெளித்தாள். மண் உறிஞ்சியது, இன்னொரு குடத்தையும் தெளித்தாள். அப்புறம் வண்டியைப் பார்த்தாள். பல ஊர்த் தூசி ஏறிக் கிடந்தது. உழவு முடிந்த ஏருக்கும் பாரம் இறக்கிய மாட்டுவண்டிக்கும் கழுவிப் பொட்டு வைப்பதைச் சிறுவயதில் பார்த்த ஞாபகம் வந்தது. இந்த வண்டி இனி ஓடப்போவதில்லை அல்லவா? கந்தலை நனைத்து நனைத்து, முகப்பைத் துடைத்து, மட்கார்டைக் கழுவி, நான்கு சக்கரத்திலும் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். கழுவின தண்ணீர் மனைச் சரிவில் இறங்கித் தெருவுக்கு ஓடியது. அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை.

முதலில் ஆடுகள் வந்தன. தெருவில் ஓடிய தண்ணீரை, அது நின்ற பிறகு ஈர மண்ணை, முண்டியடித்து நக்கின. அடுத்து எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். கையிலிருந்த அலுமினியச் சட்டியை மட்கார்டுக்கு அடியில், சொட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். மஞ்சளும் தூசியும் கலந்த தண்ணீர் சட்டியில் சொட்டியது. நாகம்மாள் கையில் கந்தலோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் தெருவில் எந்த வாசலும் நனையவில்லை என்று கண்டாள். எல்லா வாசலிலும் வெறும் புழுதியைப் பெருக்கி, அதன் மேலேயே நாலு புள்ளி வைத்து இழுத்திருந்தார்கள்.

சாமியம்மாள் வந்து நான்கு குடங்களையும் பார்த்தாள். கவிழ்ந்த ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன. ஊருக்குக் கிழக்கே ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையில் கோதிக் கோதிக் குடம் நிரப்ப வேண்டும் என்பதும், அந்த நான்கு குடத்துக்காக அவள் விடிய விடிய அங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதும் நாகம்மாளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை மாடசாமிதான் சொன்னான், சாமியம்மாள் சொல்லவில்லை.

"ஏய் சாமியம்மா, நான் தெரியாம..."

"இருக்கட்டும் மதினி. அதுக்கென்ன. ஒங்க ஊரு பழக்கம் அப்பிடி," என்றாள் சாமியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஒங்க ஊரு. திட்டியிருந்தால் நாகம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஓடையில் இதே மாதிரி ஊற்றுக் கோதி வளர்ந்தவள்தானே அவளும்? சின்ன வயதில் ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவி, அந்தத் தண்ணீரையே காலில் விட்டு, அதையே பூசணிக்கொடிக்குப் பாய விட்டவள்தானே? கைக்கு அது எப்படி மறந்து போயிற்று? ரப்பர் டியூபைப் பிடித்துப் பிடித்து அந்தக் கை வேறொருத்தியுடைய கையாகிவிட்டது. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குத் தோன்றியது, கிளம்பிவிட வேண்டும் என்பதுதான். யார் முகத்திலும் முழிக்காமல், இன்றைக்கே.

ஆனால் பரமசிவத்தைக் காணோம். அவர் விடிந்ததுமே மாடசாமியோடு ஊர்க் கிணற்றுக்குப் போயிருந்தார். கிணறு வற்றி, ஆண்களெல்லாம் முறை வைத்துத் தூர் எடுத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் வேட்டியை மடித்துக் கட்டிக் கயிற்றில் இறங்கிவிட்டாராம். மத்தியானம் வந்தபோது தலையிலிருந்து கால்வரை கரிசல் தூசி. நாகம்மாள் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவர் காலையே பார்த்தாள். வலது கால் ஆடவில்லை.

"என்ன அப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. கெளம்பலாமா?"

"எங்க? நீதான எறங்கணும்னு எறங்கணும்னு சொல்லிட்டு வந்தே?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர் மனசு கிணற்றில் இருந்தது. "அங்க தண்ணி வந்தா நமக்கு பயம் நாகம்மா. எப்பிடி எறச்சு வெளிய தள்ளுறதுன்னுதான் பேச்சு. இங்க தோண்டத் தோண்ட தூசிதான் வருது. கடப்பாறையில நானே குத்திப் பாத்தேன். மெஷின்ல ஒக்காந்து எவ்வளவோ மண்ணத் தள்ளுனேன், கையில தொட்டதில்ல." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராஜாம்பா ஊரத் தோண்டினப்பகூட கண்ணாடிக்குப் பின்னாலதான் ஒக்காந்திருந்தேன்," என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போனார்.

இப்போது நிலைகொள்ளாமல் போனது நாகம்மாளுக்கு. நாளெல்லாம் வண்டிக்கும் மனைக்கும் நடந்தாள். தாகம் எடுத்தாலும் அரை டம்ளருக்கு மேல் குடிக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் பருப்பைக் களைந்து, அதை ஆட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள். யாரும் பார்க்காவிட்டால் அது சிக்கனம். பார்த்துவிட்டால் நடிப்பு மாதிரி அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒருநாள் சாயங்காலம் மஞ்சள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சாமியம்மாள் கிளம்புவதற்கு முன்னாலேயே ஓடைக்குப் போனாள்.

ஓடையில் குடங்கள் வரிசையில் நின்றன. ஆட்கள் கொஞ்சம்தான். வீட்டுக்கு இத்தனை குடம் என்று வரிசையில் போட்டுவிட்டுப் பெண்கள் மற்ற வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தை யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். நாகம்மாள் வரிசையின் கடைசியில் தன் குடத்தை வைத்தாள். ஊற்றில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏளா, நெய்வேலி மதினி வந்திருக்காக. விருந்தாளியக் காக்க வைக்கலாமா? குடத்த இங்கிட்டு வாங்குங்க."

"வேண்டாந்தாயி. நானும் வரிசையில நிக்கேன்," என்றாள் நாகம்மாள். நிக்கேன் என்று பழைய பேச்சு தானாக வந்ததில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

அவர்கள் விடவில்லை. கை மாறிக் கை மாறிக் குடம் முன்னால் போயிற்று. தன்னுடைய முறைக்காக எப்போதிருந்தோ காத்திருந்தவள் எழுந்து வழிவிட்டாள். சிரட்டையைக்கூட நாகம்மாள் கையில் கொடுக்கவில்லை. அவர்களே கோதி ஊற்றி, நிரப்பி, இடுப்பில் தூக்கி வைத்து அனுப்பினார்கள். வழியெல்லாம் குடம் கனத்தது. விருந்தாளிக்குத்தான் வரிசை கிடையாது. ஊர்க்காரி என்றால் நிற்கச் சொல்லியிருப்பார்கள், நேரமானால் நாலு வார்த்தை வைதுமிருப்பார்கள். யாராவது வைய மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு. அந்தக் குடத்தை வண்டிக்குக் கொண்டுபோகாமல் அப்படியே சாமியம்மாள் வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் மாடசாமியும் பரமசிவமும் கிணற்றுக்குப் போனதும் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பழைய சேலைக் கிழிசல்களை எடுத்துப் பாத்திரங்களைக் கட்டினாள். ஸ்டவ்வை வளையத்தில் இறக்கினாள். கோலப்பொடி டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தாள். குடத்து வளையம் காலியாக இருந்தது. சாமியம்மாள் வீட்டு அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் மஞ்சள் குடம் இல்லை, சாமியம்மாளும் இல்லை. போகட்டும், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். நான்கு குடத்துக்கு ஒரு குடம். மடக்குப்படியை மடக்கி, பின் கதவைச் சாத்தி, முன் சீட்டில் போய் ஏறி உட்கார்ந்தாள். சொல்லாமல் போகிறோமே என்று ஒரு பக்கம் குறுகுறுத்தது. சொல்லிவிட்டுப் போக நின்றால், இருங்க மதினி என்பார்கள். அந்த மதினியில் மறுபடியும் விருந்து வாசனை அடிக்கும். இந்த வண்டி நகர்ந்தால் போதும் என்று இருந்தது. ஓடுகிற வண்டியில் இருக்கிறவளை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

வெயில் ஏறிய பிறகு பரமசிவம் வந்தார். கையில் கறுப்பாக ஒரு மண்கட்டி. அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஜன்னல் வழியாகக் கட்டியை நீட்டினார்.

"தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கா? கிணத்துக்குள்ள ஈரம் இருக்குன்றான் மாடசாமி. நான் இல்லன்றேன்."

நாகம்மாள் தொட்டாள். ஈரம் மாதிரியும் இருந்தது. அவர் உள்ளங்கை வியர்வை மாதிரியும் இருந்தது. "தெரியலங்க," என்றாள். அப்புறம் நான்கு குடத்தையும், சட்டியை வைத்து உட்கார்ந்த பெண்ணையும், ஒங்க ஊரு என்ற பேச்சையும், ஓடையில் வழிவிட்டதையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். "எனக்கு இங்க எறங்கத் தெரியலங்க. போயிடலாம்," என்றாள்.

அவர் கிணற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சுற்றி வந்து, தூசி உடம்போடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கட்டியை முன்கண்ணாடி ஓரத்தில் திருச்செந்தூர் முருகன் படத்துக்கு அடியில் வைத்தார். சாவியைத் திருகினார். வண்டி குலுங்கி உயிர் பெற்றது. பின்னால் கரண்டிகள் பேசத் தொடங்கின.

"எங்க போலாம், சொல்லு," என்றார்.

இத்தனை நாளில் அவர் அதை அவளிடம் கேட்டதில்லை. நாகம்மாள் வாயைத் திறந்தாள். "வீட்டுக்கு," என்று வந்துவிட்டது. சொல்லும்போதே அவள் கண்ணுக்குள் செம்மண் பாதையும் மாமரமும் ரப்பர் டியூபும் வந்து நின்றன. அந்தப் படியில் இப்போது வேறு யாரோ கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். அது அவருக்கும் தெரியும். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. கியரைப் போட்டு, மனையை விட்டு மெதுவாகத் தெருவில் இறக்கி, ஓடைப் பாதை வந்து சேர்கிற முக்கு வரை ஓட்டினார்.

முக்கில் சாமியம்மாள் போய்க்கொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும், டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்குவது போல, பாதையை விட்டு இறங்கிக் கருவேல முள் ஓரமாக ஒதுங்கினாள். தலையில் ஒரு மண் குடம், கையில் ஒன்று. இரண்டும் காலி. ஓடைக்குத்தான் போகிறாள். இடுப்பில் மஞ்சளாக இன்னொன்று இருந்தது. சிவப்புப் பெயின்ட்டில் எழுதின பிளாக் நம்பர் வெளிப்பக்கம் பார்த்துப் பளிச்சென்று தெரிந்தது.

பரமசிவம் பிரேக்கில் கால் வைத்தார். ஜன்னல் கண்ணாடியை நாகம்மாள் இறக்கினாள்.

"எங்கயும் போறீகளா மதினி?" என்றாள் சாமியம்மாள். கட்டி வைத்த பாத்திரங்கள் அவள் கண்ணில் படவில்லை, பட்டிருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "விடிஞ்சதும் ஒங்க குடத்தையும் வரிசையில போட்டு வச்சேன். பாதகத்தி எவளோ வரிசைய விட்டுத் தள்ளி வச்சிப்புட்டா, விருந்தாளி குடந்தானேன்னு. சண்ட போட்டு எடுத்துட்டு, மத்த குடத்தையும் தூக்கியார வந்தேன். அவுக இந்த வீட்டு ஆளுன்னு சொல்லி இப்ப திரும்பப் போடப் போறேன். ஒங்க முறை வர சாயங்காலமாயிரும். நீங்க வந்து நின்னாத்தான் ஆவும், எனக்கு ஆடு பத்தணும்."

நாகம்மாள் கை கதவின் கொண்டிக்குப் போயிற்று. அந்தக் கதவு முதலிலிருந்தே சரியாக மூடுவதில்லை. ஓங்கி இழுத்துச் சாத்தினால்தான் நிற்கும், லேசாகத் தொட்டாலும் திறந்துகொள்ளும். கொண்டியின் மேல் விரல்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் பரமசிவத்தின் வலது கால் பிரேக்கின் மேல் அசையாமல் இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. சாமியம்மாள் மஞ்சள் குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, வண்டி போகட்டும் என்று முள்ளோரமாக நின்றுகொண்டே இருந்தாள்.